பதினான்கு கொடுத்த வண்டி பதினொன்று கொடுத்தபோது

மைலேஜ் குறைகிறது என்று ஒரு வண்டி உங்கள் ஷெட்டுக்குள் வந்தால், பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் அதை ஓட்டி வந்தவர் முகத்தை ஒரு தடவை பாருங்கள். ஏர் ஃபில்டர், இன்ஜெக்டர், பிரேக் பிடித்தம் எல்லாவற்றையும் நீங்கள் என்னைவிட நன்றாகவே பார்ப்பீர்கள். உங்களில் பாதிப் பேர் ஐடிஐ முடித்தவர்கள். நான் ஒன்பதாவதோடு நின்றவன். வண்டியில் லேப்டாப்பைச் சொருகிக் கோளாறைப் படிக்கிற பிள்ளைகளுக்கு, ஸ்பானரையும் முருகனையும் நம்பி முப்பத்தைந்து வருஷம் ஓட்டியவன் சொல்ல என்ன இருக்கிறது என்று எனக்கே தோன்றும். ஒன்றே ஒன்று இருக்கிறது. நான் செய்த தப்பு. அது எந்த லேப்டாப்பிலும் தெரியாது.

கடலூர் துறைமுகத்துக்குப் பக்கத்தில், மீன் வியாபாரம் செய்கிற ஓர் அம்மாவின் ஷெட்டில் நான் கடைசியாக வேலை பார்த்தேன். ஆறு பிக்கப் வண்டிகள். ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. இது அதற்கு மூன்று நான்கு வருஷம் முந்தி நடந்தது. மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்குவேன். எல்லாருக்கும் நான் ‘மேஸ்திரி’. டிரைவர் சவரிமுத்துவுக்கு மட்டும் ‘மாமா’. அவர் தேவாலயம் போகிறவர், நான் கிருத்திகை விரதம் இருக்கிறவன். எப்படி மாமா ஆனேன் என்று இரண்டு பேருக்குமே ஞாபகமில்லை. பத்து வருஷம் பக்கத்தில் பக்கத்தில் டீ குடித்தால் அப்படி ஆகிவிடும்போல.

சவரி ஓட்டியது சிதம்பரம் லைன். விடிகிற நேரத்தில் மீன் ஏற்றி, சிதம்பரத்தில் கடைகளுக்கும், அண்ணாமலை நகர்ப் பக்கம் மெஸ்களுக்கும் இறக்கிவிட்டு மதியத்துக்குள் திரும்பிவிடுவார். சில நாள் பிச்சாவரம் பக்கம் ஒதுங்கி, நண்டு, இறால் ஏற்றிக்கொண்டு வருவார்.

அந்த வண்டிக்குத்தான் அம்மா புதுப் பெட்டி கட்டச் சொன்னார். முன்பெல்லாம் திறந்த பாடியில் பிளாஸ்டிக் கூடைகளை அடுக்கி, ஐஸ் கொட்டி, மேலே தார்ப்பாய் போடுவோம். அதை எடுத்துவிட்டு, நாலு பக்கமும் சூடு ஏறாத பலகை வைத்து மூடின பெட்டி. முழு வேலையும் என் கையில் கொடுத்தார். நானும் ஆசை ஆசையாகச் செய்தேன். கேபினைவிட ஒன்றரை அடி உயரமாகப் பெட்டி. பாரம் தாங்கப் பின்னால் இரண்டு ஸ்பிரிங் பட்டை கூடுதல். கடற்கரை மணலில் சிக்கக்கூடாது என்று கம்பெனி அளவைவிட ஒரு சுற்றுப் பெரிய டயர். முன்னால் இரும்பு கார்டு. எலுமிச்சம்பழம் நசுக்கி வண்டி வெளியே வந்தபோது, தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. சாமி கும்பிடுகிறவனுக்கு வரக்கூடாத கர்வம் அது. வந்தது.

முன்பு லிட்டருக்குப் பதினான்கு கிலோமீட்டர் கொடுத்த வண்டி, புதுப் பெட்டி வந்த இரண்டாவது மாதம் கணக்குப் பார்த்தபோது பதினொன்றுக்கு இறங்கியிருந்தது.

அம்மா கெட்டவர் இல்லை. கணவர் போன பிறகு ஒற்றை ஆளாக ஆறு வண்டியைக் கட்டி மேய்த்தவர். அதற்கு முந்தின வருஷம்தான் ஒரு டிரைவர், டேங்கிலிருந்து குழாய் போட்டு டீசல் உறிஞ்சி விற்று, கையும் களவுமாகப் பிடிபட்டான். சூடு பட்ட மனசு. ஒரு திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டு நிற்க வைத்துக் கேட்டார்.

“பதினாலு குடுத்த வண்டி பதினொண்ணு குடுக்குது மேஸ்திரி. என்னா சேதி?”

“பெட்டி பெருசாயிடிச்சிங்கம்மா, கொஞ்சம் கொறையத்தான் செய்யும்...”

“கொஞ்சம் கொறையறது வேற, மூணு கொறையறது வேற. சுத்தி வளைக்காதீங்க. வண்டில கோளாறா, ஆளுகிட்ட கோளாறா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க.”

நான் ஃபில்டர் பார்த்திருந்தேன். டீசல் லைனில் கசிவு பார்த்திருந்தேன். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்திருந்தேன். எல்லாம் சரியாக இருந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்.

“வண்டில ஒண்ணுமில்லீங்கம்மா.”

“அப்ப சரி” என்றார்.

பிள்ளைகளே, அந்த ‘அப்ப சரி’யை நான் அன்றைக்குக் கேட்கவே இல்லை. காதில் விழுந்தது, கேட்கவில்லை. அவர் கேட்ட கேள்விக்கு இரண்டே கதவுகள்தான். ஒன்றை நான் சாத்தினேன். இன்னொன்று தானாகத் திறந்து, அதற்குள் சவரி நின்றுகொண்டிருந்தார்.

மறுநாளே ஷெட்டில் பேச்சு கிளம்பிவிட்டது. நெல்லிக்குப்பம் லைன் ஓட்டுகிறவர், எல்லாரும் இருக்கும்போதே கேட்டார்: “ஏன் சவரி மச்சான், ஒன் வண்டி மட்டும் டீசல் குடிக்குதா, இல்ல ரெண்டு பேரும் பங்கு போட்டுக் குடிக்கறீங்களா?” சிரித்தார்கள். சவரியும் சேர்ந்து சிரித்தார். பிறகு என்னிடம் வந்தார்.

“மாமா, வண்டில ஒண்ணுமில்லன்னு நீங்கதான் சொன்னீங்களா?”

“ஆமா சவரி. எல்லாம் பாத்துட்டேன். ஒண்ணுமில்ல.”

“சரி மாமா.”

அவ்வளவுதான். துணியை எடுத்துப்போய் முன்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே துடைத்த கண்ணாடி. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அம்மா முடிவைச் சொல்லியனுப்பினார். சனிக்கிழமை வரைக்கும் ஓட்டட்டும், ஞாயிற்றுக்கிழமை முதல் வேறு ஆள். வேலை போவது ஒருபக்கம். அதைவிடப் பெரியது ஒன்று இருந்தது. சவரியின் மகள் ஸ்டெல்லா நர்ஸ் படிப்பு முடித்திருந்தாள். துறைமுகத்தில் வலைக்கடை வைத்திருக்கிற ஒருவரின் பையனுக்குப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பையனுக்கும் பெண்ணுக்கும் பிடித்துவிட்டது. நம் பக்கத்தில் அப்புறம் என்ன செய்வார்கள்? பெண்ணுடைய அப்பன் வேலை பார்க்கிற இடத்தில் வந்து, சத்தமில்லாமல் விசாரிப்பார்கள்.

புதன்கிழமை அந்த வலைக்கடைக்காரர் வந்தார். ஷெட்டுக்குள் வராமல் எதிரே டீக்கடையில் நின்று என்னைக் கூப்பிட்டனுப்பினார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் சின்னச் சிலுவை. மரியாதையான மனிதர்.

“நீங்கதான் சவரிக்கு ரொம்ப வேண்டியவருன்னு சொன்னாங்க. அதான் ஒங்ககிட்டயே கேட்டுடலாம்னு வந்தேன். ஆளு எப்படிங்க? கை சுத்தமா?”

பத்து வருஷப் பழக்கம். ‘தங்கமான ஆளுங்க’ என்று சொல்ல எனக்கு ஒரு மூச்சு போதும். ஆனால் முந்தாநாள்தான் ‘வண்டில ஒண்ணுமில்ல’ என்று சொல்லியிருந்தேன். இப்போது சவரி சுத்தமானவர் என்றால், அன்றைக்குச் சொன்னது பொய்யாகிவிடும். என் வேலை பொய்யாகிவிடும். டீ கிளாஸைக் கையில் வைத்து உருட்டினேன்.

“ஞாயித்துக்கெழமைக்கு மேல வந்து கேளுங்களேன்” என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். “சரிங்க” என்று டம்ளரை வைத்துவிட்டுப் போனார். மூன்று நாளில் எனக்குச் சொல்லப்பட்ட மூன்றாவது ‘சரி’.

வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டில், கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவியிடம் இதைச் சொன்னேன். அவள் கை நின்றுவிட்டது.

“பொண்ணு கேக்க விசாரிக்க வந்த மனுசன்கிட்ட, ‘ஞாயித்துக்கெழம கழிச்சி வா’ன்னா அதுக்கு என்னா அர்த்தம்னு ஒங்களுக்குத் தெரியாதா?”

அவளே மறுபடி கேட்டாள்.

“சவரி அண்ணன் டீசல் எடுத்ததை நீங்க கண்ணால பாத்தீங்களா?”

“இல்ல.”

“வண்டிய நல்லாப் பாத்தீங்களா?”

“பாத்தேன்டி. எல்லாம் சரியா இருக்குது.”

“அந்த வண்டிய மாத்திக் கட்டினது யாரு?”

அவள் கீரையை மறுபடி எடுத்தாள். “நீங்க கட்டின வண்டில நீங்களே குத்தம் பாப்பீங்களா? நான் வச்ச கொழம்புல நான் எப்பவாவது உப்பு ஜாஸ்தின்னு சொல்லியிருக்கேனா?”

சாமி அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தினமும் சொல்கிற வரிகளைச் சொல்லப் போனேன். வாய் வரவில்லை. முருகன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன், எழுந்தேன். அவ்வளவுதான் அன்றைக்குப் பூசை.

வெள்ளிக்கிழமை எங்கள் ஷெட்டில் வண்டிப் பூசை. காலையில் வண்டிகளைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி அனுப்புவோம். மற்றவர்கள் டயரின் பக்கவாட்டில் பொட்டு வைப்பார்கள். நான் தரை தொடுகிற முகத்தில் வைப்பேன். சின்ன வயதில் எனக்கு வேலை சொல்லிக் கொடுத்த மேஸ்திரி அப்படித்தான் வைப்பார். முதல் உருட்டிலேயே அது பூமாதேவிக்குப் போய்ச் சேர்ந்துவிடும், நாள் பூராவும் நம்மைத் தாங்குகிறவள் அவள்தானே என்பார். நான் அதை விட்டதேயில்லை.

அன்றைக்கும் வைத்தேன். மனசு கனமாக இருந்ததாலோ என்னவோ, குழைத்த குங்குமத்தை அள்ளிக் கொஞ்சம் தடிப்பாகவே அப்பிவிட்டேன். நெல்லிக்குப்பம் வண்டி முதலில் வெளியே போனது. அதற்குப் பக்கத்தில் நின்ற சவரி வண்டி பின்னாலேயே போனது. சவரி என் பக்கம் திரும்பவில்லை. நான் கற்பூரத் தட்டோடு நின்று தரையைப் பார்த்தேன்.

ஈரச் சிமெண்டுத் தரையில் இரண்டு வண்டியும் பொட்டு வைத்துவிட்டுப் போயிருந்தன. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சிவப்புத் தடம். இரண்டு வண்டியும் ஒரே கோட்டில் நின்றவை; முதல் தடம் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இரண்டாவது தடம் அப்படி இல்லை. சவரி வண்டியின் தடம் தள்ளி விழுந்திருந்தது. மூன்றாவது இன்னும் தள்ளி.

தட்டைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து கை வைத்து அளந்தேன். ஒரு சுற்றுக்கு ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான வித்தியாசம். நெல்லிக்குப்பம் வண்டியில் இருந்தது கம்பெனி அளவு டயர்.

உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. மீட்டருக்கு ரோடு தெரியாது. சக்கரம் எத்தனை தடவை சுற்றியது என்பதை வைத்து, கம்பெனி போட்ட டயரின் அளவில் அது கணக்குப் போடுகிறது. டயர் பெரிதானால் ஒவ்வொரு சுற்றிலும் வண்டி ஒரு சாண் கூடுதலாகப் போகும். மீட்டருக்கு அது தெரியாது. நூறு கிலோமீட்டர் ஓடினால் தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்று மூன்று என்றுதான் காட்டும். சவரி ஓட்டின தூரத்தை என் டயர் விழுங்கிக்கொண்டிருந்தது. போனில் மேப்பைத் திறந்து தூரம் பார்த்திருக்கலாமே என்பீர்கள். பார்த்திருக்கலாம்தான். மீட்டரைச் சந்தேகப்பட யாருக்கும் தோன்றவில்லை. மனுஷனைச் சந்தேகப்படத் தோன்றியது.

அம்மாவிடம் ஓடினேன். அவரே வந்து தரையைப் பார்த்தார். குனிந்து தானும் ஒரு தடவை சாண் போட்டார்.

“சரி மேஸ்திரி, ஒத்துக்கறேன். இதுல எவ்ளோ வரும்?”

“பதினொண்ணுன்னு காட்டறது, உண்மையில பன்னண்டுக்குக் கிட்ட வரும்மா.”

“மூணுல ஒண்ணு ஆச்சி. மீதி ரெண்டு?”

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். முன்பே சொல்லியிருக்க வேண்டிய சொல் அது. “நாளைக்கு அந்த வண்டில நானும் போறேம்மா. போயி வந்து சொல்றேன்.”

சனிக்கிழமை, பெட்ரோல் பங்கில் டேங்கைத் தொண்டைவரை நிரப்பிக்கொண்டு கிளம்பினோம். ஏறி உட்கார்ந்ததும் சவரி ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

“நான் எங்க நிறுத்தி டீசல் எடுக்கறேன்னு பாக்க வர்றீங்களா மாமா?”

“இல்லடா. என் வேலையைப் பாக்க வரேன்.”

அதற்குப் பிறகு அவர் கொஞ்சம் இளகினார். ஆலப்பாக்கம் தாண்டினதும் கடல் காற்று எதிரே வந்தது. வண்டி திணறியது. எனக்கே தெரிந்தது.

“எப்பவும் இப்படித்தானா?”

“அம்பது தாண்டினா, யாரோ பின்னாடி சட்டையப் புடிச்சி இழுக்கற மாதிரி இருக்கும் மாமா.”

“இதை ஏன்டா எங்கிட்ட சொல்லல?”

“சொன்னேனே. மொத வாரமே சொன்னேன். ‘புது வண்டி மாதிரி அது, மொதல்ல ஓட்டக் கத்துக்கோ’ன்னு நீங்கதான் சொன்னீங்க.”

சொல்லியிருக்கிறேன். ஞாபகம் வந்தது. கேபினுக்கு மேலே ஒன்றரை அடி, செங்குத்தாக, சுவர் மாதிரி ஒரு பெட்டி. அது காற்றை முட்டித் தள்ளிக்கொண்டுதான் ஒவ்வொரு நாளும் சிதம்பரம் போயிருக்கிறது. மீதி இரண்டில் பெரிய பங்கு அதற்குத்தான். என் கண்ணுக்கு அது அழகாகத் தெரிந்தது. அவர் காலுக்கு அது பாரமாகத் தெரிந்திருக்கிறது.

வெள்ளாற்றுப் பாலத்துக்கு முன்னால் சவரி வண்டியை ஓரங்கட்டினார். எதற்கு என்று சொல்லவில்லை. இறங்கிப் பின்னால் போனார். ஒளிக்காமல் சொல்கிறேன். இவ்வளவுக்குப் பிறகும் எனக்குள் ஒரு சின்னச் சந்தேகம் படுத்துக் கிடந்திருக்கிறது. நானும் இறங்கிப் போனேன்.

பெட்டியின் அடியில் ஐஸ் தண்ணீர் போக நான் வைத்த ஓட்டை இருக்கும். சவரி கீழே குத்துக்காலிட்டு, வேட்டித் துணி சுற்றின ஒரு கட்டையை அதில் வைத்து, கல்லால் தட்டி அடைத்துக்கொண்டிருந்தார்.

“என்னா பண்ற?”

“ஒண்ணுமில்ல மாமா. கெளம்பறப்ப ஐஸு கல்லு மாதிரி இருக்கும், தண்ணி அவ்ளோ வராது. ஊருக்குள்ள நின்னு நின்னு போறப்பதான் உருகி ஊத்தும். தேரு ஓடற தெருவத் தொட்டுகிட்டுதான போறோம்? அதுல மீன் தண்ணி ஊத்திகிட்டுப் போனா நல்லாவா இருக்கும்?”

விளையாட்டாகத்தான் கேட்டேன், “ஒனக்கென்னடா, அது ஒங்க சாமியா?”

“வெறுங்கால்ல நடக்கறாங்க மாமா அந்தத் தெருவுல. எங்க மாதா தேர் வர்ற தெருவா இருந்தா நான் பொறுப்பேனா?”

கையைத் துடைத்துக்கொண்டு ஏறிவிட்டார். இத்தனை வருஷமாக அந்த வீதியில் கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவன் நான். ஓட்டை வைத்தவனும் நான். அது எங்கே சொட்டும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

மெஸ்களில் இறக்கி முடித்தபோது மணி பத்துக்கு மேல். திரும்பி வெள்ளாற்றுப் பாலம் தாண்டினதும், “இப்ப எடுத்து விட்டுடலாமே” என்றேன்.

“வேணாம் மாமா. ரோட்டுல விட்டா பின்னாடி பைக்ல வர்றவன் வழுக்குவான். தொறமுகத்துல போயிதான் தொறப்பேன்.”

கொஞ்ச தூரம் போனதும் அவரே சொன்னார். பழைய பாடியில், கூடைகளிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே போகும்; தடுக்க வழி கிடையாது. ஒரு நாள் சிதம்பரத்துக்குள் வளைவில் பின்னால் வந்த ஒருவர், பள்ளிக்கூடம் போகிற பெண்ணை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு மொபெட்டோடு சறுக்கி விழுந்துவிட்டார்.

“பெருசா அடியில்ல. அவரு எழுந்து என்னைத் திட்டவே இல்ல மாமா. புள்ளையோட யூனிபாரத்துல பட்ட மீன் தண்ணிய தொடச்சாரு, தொடச்சாரு, தொடச்சிகிட்டே இருந்தாரு. அதான் என்னால மறக்க முடியல. நீங்க இந்தப் பெட்டி கட்டினப்ப எனக்கு எவ்ளோ சந்தோசம் தெரியுமா? அடைக்கறதுக்கு ஒரு ஓட்டை இருக்குதேன்னு.”

துறைமுகத்தில் கட்டையை உருவினார். தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. பத்துக் குடத்துக்குக் குறையாது. காலி வண்டி என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்த வண்டி, திரும்புகிற வழியெல்லாம் இதைச் சுமந்து வந்திருக்கிறது. தண்ணீர் தின்ற டீசல் கொஞ்சம்தான். அதைப் பெரிதாக்கிச் சொல்ல மாட்டேன். காற்றுதான் பெரிய தீனிக்காரன். அடுத்தது டயர். இரும்பு கார்டும் ஸ்பிரிங் பட்டையும் கொஞ்சம். எல்லாவற்றுக்கும் கடைசியில் இந்தத் தண்ணீர். ஆனால் மற்றதெல்லாம் என் கர்வம் ஏற்றி வைத்த பாரம். இது ஒன்றுதான் அவர் மனசார ஏற்றிக்கொண்ட பாரம்.

பங்கில் மறுபடி தொண்டைவரை நிரப்பி, போகும்போதும் வரும்போதும் நான் எண்ணி வந்த கிலோமீட்டர் கல்லை வைத்துப் பார்த்தோம். பன்னிரண்டுக்குக் கொஞ்சம் மேலே. நான் பக்கத்தில் உட்காராத நாளில் கொடுத்ததுதான் நான் உட்கார்ந்த நாளிலும் கொடுத்தது. ஒரு சொட்டுகூடக் குறையவில்லை.

மற்ற டிரைவர்களும் வந்து சேர்கிற நேரமாகப் பார்த்து அம்மாவிடம் போனேன். பழி எல்லார் முன்னாலும் விழுந்தது. எடுப்பதும் எல்லார் முன்னாலும்தான் எடுக்க வேண்டும். “வண்டில ஒண்ணுமில்லன்னு நான் சொன்னது தப்பு. வண்டில இருக்கற கோளாறு எல்லாம் நான் வச்சது. சவரிகிட்ட ஒண்ணுமில்ல” என்றேன். பெட்டி, டயர், தண்ணீர் எல்லாவற்றையும் சொன்னேன். நெல்லிக்குப்பம் வண்டிக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு வெளியே போனார்.

அம்மா சவரியைப் பார்த்தார். “ஏம்பா, இந்தத் தண்ணி சேதிய வாயத் தொறந்து சொல்றதுக்கு என்னா?”

“நீங்க டீசலைப் பத்திதான் கேட்டீங்கம்மா. தண்ணியப் பத்தி யாரும் கேக்கலியே.”

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் என் பக்கம் திரும்பி, “அந்த மெஸ்ஸுல பாத்திரம் கழுவற சாக்கடை இருக்குமில்ல? அங்க விட்டுட்டு வர்றதுக்கு யாராவது கேட்டுப் பாத்தீங்களா?” என்றார். கேட்கவில்லை. திங்கட்கிழமை கேட்டோம், தாராளமாக விடுங்கள் என்றார்கள். அவ்வளவு சுலபம்.

பிறகு கேபின் மேலே காற்று வழுக்கிப் போகிற மாதிரி சாய்வாக ஒரு தகடு அடித்தேன். கார்டைக் கழற்றினேன். டயர் தேய்ந்ததும் பழைய அளவையே போட்டேன். பதின்மூன்றுக்கு மேல் வந்து நின்றது. பழைய பதினான்கு வரவேயில்லை. உயரமான பெட்டியைச் சுமக்கிற வண்டி அதற்கு உண்டானதைக் கேட்கத்தான் செய்யும்.

இதெல்லாம் பின்னால். அந்தச் சனிக்கிழமை மதியமே நான் சாப்பிடாமல் வலைக்கடைக்குப் போனேன். அவர் தரையில் உட்கார்ந்து நைலான் வலையை உதறி மடித்துக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே சொன்னேன்.

“புதன்கெழம நீங்க கேட்டதுக்கு நான் பதில் சொல்லாம விட்டேன். தப்பு பண்ணிட்டேங்க. சவரி மாதிரி கை சுத்தமான ஆளு எங்க ஷெட்டுல இல்ல. நான் உள்பட.”

அவர் பலகையைத் தட்டி என்னை உட்காரச் சொன்னார்.

“உக்காருங்க மேஸ்திரி. அவரு புதன்கெழம சாயங்காலமே இங்க வந்துட்டாரு. ‘எம்மேல ஒரு சந்தேகம் இருக்குது, அது தீரட்டும், அப்புறம் பேசிக்கலாம், மறைச்சிப் பொண்ணு குடுக்க மாட்டேன்’னு அவரே சொல்லிட்டாரு. நானும் மனசுல வச்சிக்காம கேட்டேன். ‘ஒங்க மேஸ்திரிகிட்ட விசாரிச்சேன், அவரே தயங்கறாரே’ன்னேன்.”

எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. “அதுக்கு அவரு என்னா சொன்னாரு?”

“‘எங்க மாமா பாக்காம எதையும் சொல்ல மாட்டாரு. பாத்துட்டாருன்னா அவரே வந்து சொல்லுவாரு, நீங்க கொஞ்சம் பொறுங்க’ன்னாரு.” வலைக்கடைக்காரர் சிரித்தார். “வந்துட்டீங்களே.”

பார்க்காமல் சொல்ல மாட்டார் என்று அவர் சொன்னது, பார்க்காமல் சொன்ன என்னைப் பற்றி. அதுவும் நான் சொன்ன சொல் அவர் தலைமேல் விழுந்து இரண்டு நாள்கூட ஆகாத நேரத்தில்.

ஸ்டெல்லாவின் கல்யாணம் நடந்தது. பெட்டியைக் கழுவிச் சீர் சாமான் ஏற்றிக்கொண்டு அதே வண்டிதான் போனது. நான்தான் முன்னால் உட்கார்ந்து போனேன். அதற்குப் பிறகு நான் ஸ்பானர் பிடித்த வருஷங்களெல்லாம், சவரி என்னைப் பற்றிச் சொன்ன அந்தச் சொல்லுக்குத் தகுந்தவனாக ஆவதற்காகப் பார்த்த வேலைதான். வெள்ளிக்கிழமை தோறும் டயரின் முகத்தில் குங்குமம் வைத்துவிட்டு, வண்டிகள் போன பிறகு தரையில் குனிந்து பார்ப்பேன். புதிதாகச் சேர்ந்த ஒருவர் ஒரு நாள் கேட்டார், “என்ன மேஸ்திரி, பூசை முடிஞ்சிதா இல்லியா?”

“இருப்பா,” என்றேன், “இன்னும் பாக்கல.”